பாதி ஊர் கறுப்பினத்தவர், ஜூரியில் மட்டும் எப்படி எல்லாரும் வெள்ளையர்?

அமெரிக்காவில் நடந்த ஏதோ ஒரு கொலை வழக்கைப் பற்றிய செய்தி. குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பினத்தவர். ஊரில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். ஆனால் அவருடைய தலைவிதியை முடிவுசெய்ய உட்கார்ந்திருக்கும் 12 பேரில் 11 பேர் வெள்ளையர்கள், சில வழக்குகளில் 12 பேருமே. இதைப் படிக்கும்போது இரண்டு கேள்விகள் எழும். இப்படிச் செய்யச் சட்டம் அனுமதிக்கிறதா? இல்லையென்றால் இது தற்செயலா? சட்டம் அனுமதிக்கவில்லை, தற்செயலும் இல்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஜூரி என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இந்தியாவில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறை அடியோடு போய்விட்டது. பழைய நானாவதி வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது சினிமாவில் பார்த்த விஷயம்தான். அமெரிக்காவில் பெரிய குற்ற வழக்குகளில் குற்றவாளியா இல்லையா என்று சொல்வது நீதிபதி அல்ல, பொதுமக்களிலிருந்து எடுக்கப்பட்ட, பெரும்பாலும் 12 சாதாரண ஆட்கள். நீதிபதி சட்டத்தை விளக்குவார், விசாரணையை நடத்துவார். தீர்ப்பு அந்த 12 பேருடையது. மரண தண்டனை வழக்குகளில், உயிரை எடுப்பதா வேண்டாமா என்பதையும் பெரும்பாலும் அவர்களே முடிவுசெய்கிறார்கள்.

அந்த 12 பேரை எப்படிப் பிடிக்கிறார்கள்? வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமப் பட்டியல் போன்றவற்றிலிருந்து குலுக்கலில் பெயர்களை எடுத்து, அவர்களுக்கு அழைப்பு அனுப்புகிறார்கள். வந்தவர்களை நீதிமன்றத்தில் உட்காரவைத்து, நீதிபதியும் இரு தரப்பு வக்கீல்களும் கேள்வி கேட்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரைத் தெரியுமா, போலீஸில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா, மரண தண்டனை பற்றி என்ன நினைக்கிறீர்கள், இப்படி. பதிலைக் கேட்டு, "இவர் நடுநிலையாக இருக்க முடியாது" என்று காரணம் காட்டி ஒருவரை நீக்கச் சொல்லலாம். நீதிபதி ஒப்புக்கொண்டால் அவர் வீட்டுக்குப் போகலாம். இப்படி எத்தனை பேரை வேண்டுமானாலும் நீக்கலாம்.

அப்புறம்தான் சிக்கலான பகுதி வருகிறது. மிச்சமிருப்பவர்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆட்களை, எந்தக் காரணமும் சொல்லாமலேயே நீக்க இரு தரப்புக்கும் உரிமை உண்டு. முகம் பிடிக்கவில்லை, மனசுக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவு போதும். அரசு வக்கீலிடம் இப்படிப் பதினைந்து வாய்ப்புகள் இருந்து, அங்கே உட்கார்ந்திருக்கும் கறுப்பினத்தவர் பதினாறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு உங்களுக்கே புரிந்துவிடும்.

இந்த நிலைக்கு வருவதற்கு முன் இன்னும் பச்சையான வழிகள் இருந்தன. மேற்கு வர்ஜீனியாவில் வெள்ளை ஆண்கள் மட்டுமே ஜூரியில் உட்காரலாம் என்று சட்டமே இருந்தது. 1880-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. உடனே நிலைமை மாறிவிட்டதா என்றால், இல்லை. சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்ததை அதிகாரிகள் நடைமுறையில் வைத்துக்கொண்டார்கள். பட்டியல் தயாரிப்பவர் "தகுதியான" ஆட்களின் பெயரை எழுதுவார். அதில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். ஏனய்யா என்று கேட்டால், தகுதியானவர் யாரும் கிடைக்கவில்லை என்பார்.

அந்தக் காலத்து நீதிக்கு ஸ்காட்ஸ்போரோ வழக்கே சாட்சி. 1931 மார்ச்சில் அலபாமா வழியாகப் போன ஒரு சரக்கு ரயிலில் இருந்த ஒன்பது கறுப்பினப் பையன்கள் மீது, இரண்டு வெள்ளைப் பெண்களைப் பாலியல் வன்முறை செய்ததாகக் குற்றச்சாட்டு. கைதாகி இரண்டு வாரத்துக்குள் விசாரணை தொடங்கி, சில நாட்களில் முடிந்தும்விட்டது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. பிறகு அந்தப் பெண்களில் ஒருவரே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னார். வழக்கு இரண்டு முறை உச்ச நீதிமன்றம் போனது. 1932-இல் முறையான வக்கீல் உதவி கிடைக்கவில்லை என்பதற்காகவும், 1935-இல் ஜூரிப் பட்டியலிலிருந்து கறுப்பினத்தவர் திட்டமிட்டு விலக்கப்பட்டதற்காகவும் தண்டனைகள் ரத்தாயின. இரண்டாவது முறை நடந்தது சுவாரசியமானது. பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் இருந்ததாகக் காட்டுவதற்குச் சில பெயர்களைப் பின்னால் செருகியிருந்தார்கள். பட்டியல் ஏடு உச்ச நீதிமன்றத்துக்கே கொண்டுவரப்பட்டு, நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்.

சரி, பட்டியலில் பெயர் வந்தாயிற்று. இப்போது காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமை அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தது. 1965-இல் அலபாமாவிலிருந்து ஸ்வெய்ன் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவருடைய மாவட்டத்தில் சுமார் 1950-இலிருந்து ஒரு கறுப்பினத்தவர்கூட விசாரணை ஜூரியில் உட்கார்ந்ததில்லை. அது போதாது என்றது நீதிமன்றம். அரசு வக்கீல் வழக்குக்கு வழக்கு இதையே செய்கிறார் என்று குற்றம் சாட்டப்பட்டவர் நிரூபிக்க வேண்டுமாம். சிறையில் இருக்கும் ஓர் ஏழை, பல ஆண்டு வழக்குக் கட்டுகளைத் தோண்டி எடுத்து அரசுத் தரப்புக்கு எதிராகக் கணக்குப் போட வேண்டும். நடக்கிற காரியமா?

21 ஆண்டுகள் கழித்து, 1986-இல் பேட்ஸன் வழக்கில் இந்த நிலை மாறியது. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் ஒரு திருட்டு வழக்கு. இருந்த நான்கு கறுப்பினத்தவரையும் அரசு வக்கீல் நீக்கிவிட்டார். இனத்தைப் பார்த்து ஒருவரைக்கூட நீக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அதைக் கண்டுபிடிக்க ஒரு வழிமுறையும் வகுத்தது. எதிர்த்தரப்பு ஆட்சேபம் எழுப்பி, இது இனத்தின் பேரில் நடப்பதுபோலத் தெரிகிறது என்று காட்ட வேண்டும். உடனே நீக்கியவர் இனத்தோடு சம்பந்தமில்லாத ஒரு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் உண்மையா சாக்குப்போக்கா என்று நீதிபதி முடிவுசெய்வார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றே ஒரு நீதிபதிக்கு நம்பிக்கை இல்லை. உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல், தீர்ப்பை ஆதரித்துக்கொண்டே, காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமையையே ஒழித்தால்தான் இது தீரும் என்று தனியாக எழுதிவைத்தார். காரணம் கேட்டால் காரணம் சொல்லக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கற்றுக்கொண்டார்கள். வட கரோலினாவில் அரசு வக்கீல்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில், பேட்ஸன் ஆட்சேபம் வந்தால் சொல்லத்தக்க காரணங்களைத் தொகுத்து ஒரு தாளே கொடுத்திருந்தார்கள். உடை சரியில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதுபோல. 1995-இல் உச்ச நீதிமன்றம் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டது. மிசூரியில் ஒரு கறுப்பின ஆணை நீக்கிய அரசு வக்கீல், அவருக்கு நீளமான தலைமுடியும் மீசையும் தாடியும் இருந்ததைக் காரணமாகச் சொன்னார். சொல்லும் காரணம் நம்பும்படியாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை, இனத்தோடு சம்பந்தமில்லாமல் இருந்தால் இரண்டாம் கட்டத்தைத் தாண்டிவிடலாம் என்றது நீதிமன்றம். என் பார்வையில் பேட்ஸன் விதி பல்லிழந்தது அந்த இடத்தில்தான். மூன்றாம் கட்டத்தில் நீதிபதி, தினமும் தன் முன்னால் வந்து நிற்கும் ஓர் அரசு வக்கீலைப் பார்த்து "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை பேர் சொல்வார்கள்?

பொய் என்பது எப்போதாவது காகிதத்தில் சிக்கும். ஜார்ஜியாவில் 1987-இல் முழுக்க வெள்ளையர்கள் கொண்ட ஜூரி, திமோதி ஃபாஸ்டர் என்ற கறுப்பின இளைஞருக்கு மரண தண்டனை கொடுத்தது. இருபது ஆண்டுகள் போல ஆனபிறகு, தகவல் பெறும் சட்டத்தின்கீழ் அரசு வக்கீலின் கோப்பு அவருடைய வக்கீல்களுக்குக் கிடைத்தது. ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தவர் ஒவ்வொருவரின் பெயர் மேலும் பச்சை மை பூசப்பட்டிருந்தது. ஓரத்தில், பச்சை என்றால் கறுப்பினத்தவர் என்று விளக்கம் வேறு. "கண்டிப்பாக வேண்டாம்" என்று ஒரு தனிப் பட்டியல். இதே அரசு வக்கீல்கள் நீதிமன்றத்தில் சொன்ன காரணங்களில் ஒன்று, 34 வயதுப் பெண் ஒருவர் குற்றவாளியின் வயதுக்கு நெருங்கியவர் என்பது. குற்றவாளிக்கு வயது 19. அதே ஜூரியில் 21 வயது வெள்ளையர் ஒருவரை அவர்கள் ஆட்சேபமில்லாமல் உட்காரவைத்திருந்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அந்தக் கோப்பு கிடைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்த விஷயம் முழுவதையும் ஒரே வழக்கில் பார்க்க வேண்டுமென்றால் கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

மிஸிசிப்பி மாநிலத்தில் வினோனா என்று ஒரு சிறிய ஊர். மக்கள்தொகை சுமார் 5,000, அதில் பாதிக்குச் சற்று அதிகமானோர் கறுப்பினத்தவர். 1996 ஜூலையில் அங்குள்ள ஒரு மரச்சாமான் கடையில் நான்கு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சில நாட்கள் மட்டும் அந்தக் கடையில் வேலைபார்த்திருந்த ஃப்ளவர்ஸ் மீது வழக்குப் பதிவானது. கொலைத் துப்பாக்கி கிடைக்கவில்லை. அந்த மாவட்டத்தின் தலைமை அரசு வக்கீலான டக் எவன்ஸ், ஒரே குற்றத்துக்காக அவரை ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார்.

ஆறு முறை. தீர்ப்பு ரத்தானாலோ, ஜூரி ஒருமனதாக முடிவுக்கு வர முடியாமல் போனாலோ அரசுத் தரப்பு மறுபடியும் வழக்கு நடத்தலாம். முதல் இரண்டு தீர்ப்புகள் அரசு வக்கீலின் முறைகேட்டுக்காக மாநில உச்ச நீதிமன்றத்தில் ரத்தாயின. மூன்றாவதில் எவன்ஸ் தன்னிடமிருந்த 15 வாய்ப்புகளையும் கறுப்பினத்தவர் மீதே செலவிட்டார். தீர்ந்துபோனபோது ஒரே ஒரு கறுப்பினத்தவர் மிஞ்சினார். அந்தத் தீர்ப்பும் பேட்ஸன் விதியை மீறியதற்காக ரத்தானது. நான்காவது விசாரணையில் அழைப்பின்பேரில் வந்த கறுப்பினத்தவர் அதிகம் என்பதால், 11 பேரை நீக்கியும் ஐந்து பேர் ஜூரியில் இடம்பிடித்துவிட்டார்கள். அந்த ஜூரியால் ஒருமனதாக முடிவெடுக்க முடியவில்லை. மூன்று கறுப்பினத்தவர் இருந்த ஐந்தாவது ஜூரியாலும் முடியவில்லை. 2010-இல் ஆறாவது முறை, 11 வெள்ளையர்களும் ஒரு கறுப்பினத்தவரும் கொண்ட ஜூரி மீண்டும் மரண தண்டனை விதித்தது.

கறுப்பினத்தவர் ஒருவரோ யாருமே இல்லாமலோ இருந்த நான்கு ஜூரிகளும் மரண தண்டனை கொடுத்தன. கூடுதலாக இருந்த இரண்டும் முடிவெடுக்கவில்லை. இது ஒரே ஒரு வழக்குதான், இதை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் இதைவிடத் தெளிவான படம் கிடைப்பது கஷ்டம்.

2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கை எடுத்துப் போட்டது. விவரம் கிடைத்த விசாரணைகளில், தான் நீக்கியிருக்கக்கூடிய 42 கறுப்பினத்தவரில் 41 பேரை நீக்க அரசுத் தரப்பு முயன்றிருந்தது. ஆறாவது விசாரணையில் நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் எவன்ஸ் கேட்ட கேள்விகள் மொத்தம் 145. ஜூரியில் உட்கார்ந்த 11 வெள்ளையர்களிடம் சேர்த்துக் கேட்டவை 12. ஒருவரிடம் துருவித்துருவிக் கேட்டால் ஏதாவது ஒரு காரணம் கிடைக்காமலா போகும்? 7-க்கு 2 என்ற கணக்கில் தண்டனை ரத்தானது. ஃப்ளவர்ஸ் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லியிருந்த சிறைவாசி, அது பொய் என்று அதற்கு முந்தைய ஆண்டே பத்திரிகையாளர்களிடம் சொல்லியிருந்தார். 2019 டிசம்பரில் ஜாமீன், 2020 செப்டம்பரில் வழக்கே கைவிடப்பட்டது. ஏறக்குறைய 23 ஆண்டுகள் சிறையில்.

ஜூரியில் யார் இருந்தால் என்ன, சாட்சியம் ஒன்றுதானே என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், ஆராய்ச்சியும் செய்திருக்கிறார்கள். ஃப்ளோரிடாவின் இரண்டு மாவட்டங்களில் 2000 முதல் 2010 வரை நடந்த வழக்குகளை எடுத்துப் பார்த்தபோது, ஜூரிக்கு அழைக்கப்பட்ட கூட்டத்தில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லாதபோது குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் தண்டிக்கப்படும் விகிதம் வெள்ளையர்களைவிட 16 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்தது. ஒருவராவது இருந்தபோது அந்த இடைவெளி மறைந்துபோனது. சாமுவேல் சாமர்ஸ் என்ற உளவியலாளர் மாதிரி ஜூரிகளை வைத்துச் செய்த ஆய்வில், கலப்பு ஜூரிகள் அதிக நேரம் பேசின, அதிகத் தகவல்களை அலசின, தவறுகள் குறைவாகச் செய்தன. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பக்கத்தில் கறுப்பினத்தவர் உட்கார்ந்திருந்தபோது வெள்ளையர்களே கூடுதல் கவனத்தோடு பேசினார்கள் என்பது.

ஆனால் புள்ளிவிவரத்தை நீதிமன்றத்தில் காட்டி ஒருவரைக் காப்பாற்ற முடியாது. ஜார்ஜியாவில் 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்து, கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை கிடைக்கும் சாத்தியம் நான்கு மடங்குக்கு மேல் என்று காட்டினார்கள். 1987-இல், மரண தண்டனை பெற்ற வாரன் மெக்ளெஸ்கி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உன் வழக்கில், உனக்கு எதிராக, வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்று நிரூபி என்றது. 5-க்கு 4 தீர்ப்பு. அதை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஓய்வுபெற்றபின், வாய்ப்பிருந்தால் அந்த வழக்கில் என் வாக்கை மாற்றிப் போடுவேன் என்றார்.

லூசியானாவில் இன்னொரு தந்திரம். கறுப்பினத்தவர் ஜூரியில் உட்காருவதைத் தடுக்க முடியாது என்றால் அவர்கள் குரலைச் செல்லாக்காசாக்கிவிடலாம் இல்லையா? வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டுவதற்காகவே கூடிய 1898 அரசியல் சட்ட மாநாட்டில், 12 பேரில் 9 பேர் சொன்னாலே தண்டிக்கலாம் என்று விதி செய்தார்கள். பின்னர் அது 10 ஆனது. ஒருவரோ இருவரோ இல்லை என்று சொன்னாலும் கவலையில்லை. 2020-இல்தான் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. அடுத்த ஆண்டே, ஏற்கெனவே மேல்முறையீடுகள் முடிந்து சிறையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் கறுப்பினத்தவராக இருக்கும்போது மட்டும் இது நடப்பதில்லை. கொல்லப்பட்டவர் கறுப்பினத்தவராக இருக்கும்போதும் நடக்கும், முடிவு மட்டும் தலைகீழாக. 1955-இல் மிஸிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனைக் கொன்ற இருவரை, முழுக்க வெள்ளை ஆண்கள் கொண்ட ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. அந்த மாவட்டத்தில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. ஆனால் ஜூரிப் பட்டியல் வாக்காளர் பட்டியலிலிருந்து வந்தது, வாக்காளர் பட்டியலில் அவர்களைச் சேரவிடவில்லை. சில மாதங்களில் கொலையாளிகள் ஒரு பத்திரிகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னார்கள். மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை. கனடாவில் 2018-இல், பூர்வகுடி இளைஞர் ஒருவரைச் சுட்ட விவசாயியின் வழக்கில், பூர்வகுடியினராகத் தெரிந்தவர்களை விவசாயியின் வக்கீல்கள் ஜூரியிலிருந்து நீக்கினார்கள். விவசாயி விடுதலையானார்.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006-இல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில், கடற்படையினர் உட்பட ஐந்து பேரை 2016 டிசம்பரில் சிங்களம் பேசும் ஜூரி விடுவித்தது. அந்த ஜூரியை ரவிராஜ் குடும்பத்தார் தரப்பு ஏற்கெனவே ஆட்சேபித்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில், தமிழர்கள் கொல்லப்பட்ட 1996 குமாரபுரம் படுகொலை வழக்கில் ஆறு இராணுவத்தினரை அநுராதபுரத்தில் ஒரு ஜூரி விடுவித்தது. காலனி ஆட்சி இந்தியாவிலும் இந்தக் கணக்கு இருந்தது. இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்று வந்த இல்பர்ட் மசோதாவை வெள்ளையர்கள் எதிர்த்தார்கள்; 1884-இல் நடந்த சமரசத்தில் அவர்கள் கேட்டு வாங்கியது, தங்களை விசாரிக்கும் ஜூரியில் குறைந்தது பாதிப்பேர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்பது. ஜூரியில் யார் உட்கார்ந்தால் என்ன என்ற சந்தேகம் அவர்களுக்கு இருக்கவில்லை.

இதைச் சரிசெய்ய என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்து காரணமில்லாமல் நீக்கும் உரிமையை 1988-லேயே எடுத்துவிட்டது. கனடா, மேலே சொன்ன வழக்குக்குப் பிறகு, 2019-இல் எடுத்தது. அமெரிக்காவில் அரிசோனா மட்டும் 2022 ஜனவரியிலிருந்து ஒழித்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலம் 2018-இல் வேறு வழியில் போனது. வக்கீலின் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிக்க வேண்டாம்; விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்தால் இதில் இனம் ஒரு காரணம் என்று நினைக்க இடமிருக்கிறதா, அவ்வளவு போதும். போலீஸை நம்பவில்லை, உறவினர் கைதானவர், குற்றம் அதிகமுள்ள பகுதியில் வசிக்கிறார் என்பவை வழக்கமான சாக்குகள் என்று அந்த விதியே பட்டியலிட்டுவிட்டது. அரிசோனாவின் வழி எளிது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அந்த உரிமை போய்விடுகிறதே என்று அவர்களுக்காக வாதாடும் பல வக்கீல்கள் தயங்குகிறார்கள். இனவெறி பிடித்தவர் என்று சந்தேகப்படும் ஒருவரை, நிரூபிக்க முடியாவிட்டாலும், நீக்க அவர்களுக்கு இருக்கும் கருவியும் இதுதான். எனக்கு வாஷிங்டன் விதி மேலாகத் தெரிகிறது, மார்ஷல் இருந்திருந்தால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

இவ்வளவும் ஜூரி முன்னால் போகும் வழக்குகளைப் பற்றித்தான். 2012-இல் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டிய கணக்குப்படி, மத்திய நீதிமன்றத் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநில நீதிமன்றத் தண்டனைகளில் 94 சதவீதமும் பேரத்தில் முடிந்தவை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து ஆண்டு, ஜூரி விசாரணைக்குப் போய்த் தோற்றால் இருபது என்பதுபோன்ற பேரம். ஜூரியையே பார்க்காத அந்த வழக்குகளிலும் ஜூரி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஒப்புக்கொள்வதா போராடுவதா என்று கட்சிக்காரர் கேட்கும்போது, இந்த மாவட்டத்தில் எப்படிப்பட்ட 12 பேர் கிடைப்பார்கள் என்று யோசித்துத்தான் வக்கீல் பதில் சொல்கிறார்.